ஆம்ஸ்டர்டாம் கொடியில் இருக்கும் மூன்று சிலுவைகளுக்குப் பொருள் என்ன?

மழைக்குருவி:
அனைவருக்கும் வணக்கம். அண்மையில் ஆம்ஸ்டர்டாமில் நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். நடைபாதை ஓரத்து இரும்புக் கம்பங்களில் தொடங்கிப் பாலங்கள், அரசுக் கட்டடங்கள் வரை எங்கு திரும்பினாலும் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வெள்ளைப் பெருக்கல் குறிகள். நகரின் கொடியிலும் அவைதான்: மேலும் கீழும் சிவப்பு, நடுவில் கறுப்புப் பட்டை, பட்டைக்குள் வரிசையாக மூன்று சிலுவைகள். படகில் எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி, "இந்த நகரை அழிக்க வந்த மூன்று எதிரிகள் இவை. வெள்ளம், தீ, கொள்ளைநோய்" என்றார். கேட்டதும் மெய்சிலிர்த்தது. பயணக் கட்டுரையில் அதையே முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறேன். வெளியிடுவதற்கு முன் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று வந்தேன். அவர் சொன்னது சரிதானா?

பழைய முத்திரை:
வெளியிடுவதற்கு முன் கேட்டீர்களே, மகிழ்ச்சி. அந்த விளக்கம் அழகானது. ஆனால் சிலுவைகள் அதற்காக வரையப்பட்டவை அல்ல.

இவை ஆண்ட்ரூ சிலுவைகள். இயேசுவின் சீடரான ஆண்ட்ரூ சாய்வான சிலுவையில் அறையப்பட்டார் என்பது கிறிஸ்தவ மரபு. அவர் மீனவர். ஆம்ஸ்டர்டாமும் மீனவர் குடியிருப்பாகத் தொடங்கிய ஊர்தான். எனவே அதுதான் காரணம் என்பாரும் உண்டு. ஆனால் வரலாற்றாசிரியர்கள் அதிகம் ஏற்பது வேறொன்று. 1280 முதல் 1282 வரை ஆம்ஸ்டர்டாமின் பிரபுவாக இருந்தவர் யான் பெர்சைன். சிலுவைகள் அவருடைய குடும்பச் சின்னத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அக்கம்பக்கத்து ஊர்களான ஆம்ஸ்டல்வேன், அவுடர் ஆம்ஸ்டல் ஆகியவற்றின் ஊர்ச் சின்னமான கேடயங்களிலும் இதே சிலுவைகள் இருக்கின்றன. எல்லா இடத்திலும் எண்ணிக்கை மூன்று இல்லை. ஒரு சிலுவைக்கு ஓர் ஆபத்து என்று கணக்கு வைத்தால், நான்காவது சிலுவைக்கு என்ன சொல்வது?

கேடயத்தின் நடுவில் செங்குத்தாக இறங்கும் கறுப்புப் பட்டையை ஆம்ஸ்டல் ஆறு என்று கொள்வார்கள். இதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். நெதர்லாந்தின் இன்னொரு நகரமான டெல்ஃப்டின் கொடியில் வெள்ளைக்கு நடுவே ஓடும் கறுப்புப் பட்டையும் அந்த ஊர்க் கால்வாயைத்தான் குறிக்கிறது. டெல்ஃப்ட் என்ற பெயரே தோண்டப்பட்டது என்ற சொல்லிலிருந்து வந்தது. நீரால் பிழைத்த ஊர்கள் தங்கள் நீரைக் கேடயத்தில் வரைந்துகொள்வது இயல்பு.

நாடோடி:
பழைய முத்திரை, உங்கள் பதிவுகளை நீண்ட நாட்களாகப் படிக்கிறவன் நான். ஆனாலும் இங்கே ஒரு வருத்தம் இருக்கிறது. 1421இலும் 1452இலும் ஆம்ஸ்டர்டாம் எரிந்தது. இரண்டாவது தீயில் நகரின் பெரும்பகுதி போயிற்று. நிலத்தில் ஒரு பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் நாட்டில் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1663, 1664ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. இத்தனையையும் தாங்கிய மக்கள் தங்கள் சிலுவைகளைப் பார்த்து "இவை நாங்கள் பட்ட பாடு" என்று சொன்னால், ஒரு பிரபுவின் குடும்பச் சின்னம் என்பதைவிட அதுதானே பெரிய உண்மை?

கல்வெட்டான்:
நாடோடி, 1489இலேயே, பின்னாளில் புனித ரோமப் பேரரசரான மாக்ஸிமிலியன் இந்தச் சின்னத்தின் மேல் மகுடம் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டார். நீங்கள் சொல்லும் கொள்ளைநோய்க்கு 170 ஆண்டுகளுக்கு முன்பே சின்னம் இருந்தது. பின்னால் வந்த நோயை முன்னால் வரைந்த கோடு எப்படிக் குறிக்கும்?

பழைய முத்திரை:
கல்வெட்டான், உங்கள் முடிவு எனக்கு உடன்பாடுதான். ஆனால் உங்கள் வாதம் நிற்காது. கொள்ளைநோய் பதினான்காம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவை உலுக்கிவிட்டது. ஆகவே காலக்கணக்கை மட்டும் வைத்து அந்தக் கதையைத் தள்ள முடியாது. பக்கத்து ஊர்ச் சிலுவைகள்தான் வலுவான சான்று.

நாடோடிக்கு: லண்டன் நகர மன்றத்தின் கேடயத்தைப் பாருங்கள். வெள்ளைப் பரப்பில் சிவப்புச் சிலுவை, மேல் மூலையில் ஒரு சிறிய சிவப்பு வாள். 1381 ஜூனில் உழவர் கிளர்ச்சியின் தலைவர் வாட் டைலரை லண்டன் மேயர் வில்லியம் வால்வொர்த் வெட்டி வீழ்த்தினார். அந்தக் குத்துவாள்தான் இது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். ஆனால் அந்தச் சின்னத்துடன் கூடிய புதிய முத்திரை அதே ஆண்டு ஏப்ரலிலேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. கிளர்ச்சி வெடித்ததோ அதற்கு இரண்டு மாதங்களுக்குப் பிறகு. அந்த வாள் நகரின் காவலரான புனித பவுலுடையது. பவுல் வாளால் கொல்லப்பட்டவர் என்பது மரபு.

இதில் நடந்ததைக் கவனியுங்கள். கொல்லப்பட்டவரின் வாள் கொன்றவரின் வாளாகிவிட்டது. வழக்குக் கதைகள் எல்லாமே தீங்கற்றவை அல்ல. சில கதைகள் ஒரு சின்னத்தை யாருக்குச் சொந்தமாக்குகின்றன என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் தோற்றத்தைத் தனியாக எழுதி வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறேன்.

நாடோடி:
லண்டன் வாளைப் பற்றி எனக்குத் தெரியாது. யோசிக்க வைத்துவிட்டீர்கள். நன்றி.

தூரிகை:
நான் வடிவமைப்புத் துறையில் இருப்பவள். வரலாற்றை உங்களிடம் விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஐரோப்பியக் கேடயக் கலையில் அடிப்படை விதி ஒன்று உண்டு. வெள்ளியும் பொன்னும் உலோகங்கள்; சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை வண்ணங்கள். வண்ணத்தின் மேல் வண்ணத்தை வைக்கக் கூடாது, உலோகத்தின் மேல் உலோகத்தையும் வைக்கக் கூடாது. தூரத்தில் வரும் வீரனின் கேடயத்தை அடையாளம் காண்பதற்காகப் பிறந்த விதி இது. ஆம்ஸ்டர்டாம் இதை மீறுகிறது. சிவப்பின் மேல் கறுப்பு. அந்தி வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். அதைக் காப்பாற்றுவது அந்த மூன்று வெள்ளைச் சிலுவைகள்தான். அவற்றை எடுத்துவிட்டால் அந்தக் கேடயம் இருட்டு.

கேடயம் கொடியாக மாறும்போது நடந்ததும் எனக்கு மிகவும் பிடிக்கும். கேடயத்தில் ஆறு நின்றுகொண்டிருக்கிறது. கொடியில் அது படுத்து ஓடுகிறது. முழுச் சின்னத்தில் இருபுறமும் பொன் சிங்கங்கள், மேலே மகுடம், கீழே நாடாவில் எழுத்துகள். 1975 பிப்ரவரி 5 அன்று அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட கொடியில் இவை எதுவும் இல்லை. மூன்று பட்டை, மூன்று சிலுவை, அவ்வளவுதான். ஐந்து வயதுக் குழந்தை நினைவிலிருந்து வரைந்துவிடும். பல நகரங்கள் முழு முத்திரையையும் அப்படியே துணியில் அச்சிட்டு, காற்றில் ஆடும்போது எதுவும் புரியாத கொடிகளை வைத்திருக்கின்றன. இதை அவை பார்த்துக் கற்க வேண்டும்.

மழைக்குருவி:
தூரிகை, நாடாவில் எழுத்துகள் என்றீர்களே, அவை என்ன? நான் கவனிக்கவில்லை. மகுடத்தைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். வெஸ்டர்கெர்க் தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் ஒரு நீல மகுடத்தைப் பார்த்தேன். அதுவும் இதுவும் ஒன்றா?

கல்வெட்டான்:
மகுடம் எளிது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலந்தில் நடந்த உள்நாட்டுப் பூசலில் ஆம்ஸ்டர்டாம் மாக்ஸிமிலியனுக்குத் துணை நின்றது, கடனும் கொடுத்தது. கைம்மாறாகத்தான் 1489இல் மகுட உரிமை. வணிகர்களுக்கு அதனால் பெரும் பயன். அயல்நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது ஒரு பேரரசின் மகுடம் அதன் சின்னத்தில் இருந்தால் மரியாதை தானாக வரும். 1578இல் நகரம் சீர்திருத்தச் சமயத்தின் பக்கம் போனது. அப்போதும் கத்தோலிக்கப் பேரரசின் மகுடத்தை அவர்கள் கழற்றவில்லை. 1638இல் கட்டி முடித்த வெஸ்டர்கெர்க் கோபுரத்தின் உச்சியிலேயே ஏற்றிவைத்தார்கள். ஆம், நீங்கள் பார்த்தது அதுதான்.

துறைமுகம்:
நாடாவில் இருக்கும் எழுத்துகளைப் பற்றி நான் சொல்கிறேன். பதினோரு ஆண்டுகளாக இந்த நகரத்தில் வாழ்கிறேன். இந்த இழையில் எல்லோரும் சிலுவைகளைச் சுற்றியே வந்தது எனக்குக் கொஞ்சம் வியப்பு.

மூன்று டச்சுச் சொற்கள்: ஹெல்ட்ஹாஃப்டிக், ஃபாஸ்ட்பெராடன், பார்ம்ஹார்டிக். வீரம், உறுதி, இரக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை இடைக்காலத்தவை அல்ல. 1947இல் அரசி வில்ஹெல்மினா வழங்கியவை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நாட்டைப் பிடித்திருந்தபோது நகர மக்கள் நடந்துகொண்ட விதத்துக்காக, குறிப்பாக 1941 பிப்ரவரி வேலைநிறுத்தத்தின் நினைவாக.

1941 பிப்ரவரி 22, 23 தேதிகளில் ஜெர்மானியப் படையினர் யூதர் வாழும் பகுதியைச் சுற்றிவளைத்து நானூறுக்கும் மேற்பட்ட யூத ஆண்களைப் பிடித்தார்கள். யோனாஸ் டானியல் மெயர் சதுக்கத்தில் அவர்களை மண்டியிட வைத்தார்கள். மறுநாள் மாலை நோர்டர்மார்க்ட் சந்தைத் திடலில் திறந்தவெளிக் கூட்டம். கூட்டியவர்கள் நகராட்சித் தொழிலாளர்களும் தடைசெய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கட்சியினரும். 25ஆம் தேதி காலை ட்ராம்கள் பணிமனையை விட்டு வெளியே வரவில்லை. ட்ராம் ஓடாததைப் பார்த்துத்தான் நகரம் செய்தியைப் புரிந்துகொண்டது. கப்பல்துறை நின்றது, தொழிற்சாலைகள் நின்றன, கடைகள் மூடின. இரண்டாம் நாள் துப்பாக்கிகளால் அதை அடக்கினார்கள். யூதர்கள் அல்லாத மக்கள் யூத அண்டைவீட்டாருக்காக வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்த நாள் அது.

அந்தச் சதுக்கத்தில் 1952 முதல் ஒரு சிலை நிற்கிறது. மாரி ஆண்ட்ரீசன் செய்த கப்பல்துறைத் தொழிலாளி. கைகள் இரண்டும் சற்று விலகி, வெறும் கையோடு நிற்பான். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 25 அன்று அவன் காலடியில் மலர் வைக்க மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். நானும் நின்றிருக்கிறேன். குளிரில் விரல்கள் மரத்துப்போகும். யாரும் வரிசையை விட்டுப் போவதில்லை.

நாடோடி:
துறைமுகம், இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எழுதாமல் இருந்தேன். மூன்று சிலுவை, மூன்று சொல். சிலுவைகளுக்கே இப்போது இந்தப் பொருளைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

பழைய முத்திரை:
பலர் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் ஒப்பமாட்டேன். ஆனால் முன்பு மறுத்த அளவு கடுமையாக மறுக்கவும் மனம் வரவில்லை.

எழுநிலா:
எனக்கு இந்தச் சொற்கள் நெருடுகின்றன. துறைமுகம் சொன்ன எதையும் மறுக்கவில்லை. அந்த இரண்டு நாட்கள் போற்றத்தக்கவை. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

அதே 1941இல் நகராட்சி அலுவலகம் ஒரு வரைபடம் தயாரித்தது. நகரின் எந்தப் பகுதியில் எத்தனை யூதர்கள் வாழ்கிறார்கள் என்று புள்ளிகளால் காட்டும் வரைபடம். ஒரு புள்ளிக்குப் பத்துப் பேர். ஆக்கிரமிப்பாளர் கேட்டார்கள், நகராட்சி ஊழியர்கள் உட்கார்ந்து நேர்த்தியாகச் செய்து கொடுத்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து நகராட்சியின் ட்ராம்களே இரவு நேரங்களில் யூதர்களை ரயில் நிலையங்களுக்கு ஏற்றிச் சென்றன. அதற்கான கட்டணத்தை ட்ராம் நிர்வாகம் ஜெர்மானியரிடம் கேட்டு வாங்கியது. பிப்ரவரி 25 அன்று வெளியே வர மறுத்த அதே ட்ராம்கள். நகரில் வாழ்ந்த சுமார் 80,000 யூதர்களில் 60,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கல்வெட்டான் சொன்ன மகுடம் இருக்கும் அந்தக் கோபுரத்தின் மணியோசையைக் கேட்டுக்கொண்டுதான் சில கட்டடங்கள் தள்ளி ஆன் ஃபிராங்கின் குடும்பம் ஒளிந்திருந்தது.

இவ்வளவுக்குப் பிறகு 1947இல் "இரக்கம்" என்று கேடயத்தின் கீழே எழுதுவது யாருக்கு ஆறுதல்? தொழிலாளர்கள் செய்த நல்லதை நகரம் முழுவதற்கும் பட்டமாக எடுத்துக்கொள்வது சரியா? வெள்ளம், தீ, நோய் என்ற கதை வெறும் தவறு. இது எனக்கு அதைவிடக் கனமாகத் தெரிகிறது.

தூரிகை:
எழுநிலா, எனக்கும் இதற்குப் பதில் தெரியவில்லை. வடிவமைப்பில் நாங்கள் அடிக்கடி மறக்கிற விஷயம் இது. எதையும் எழுதாத சின்னம் பொய் சொல்லாது. சொற்களை எழுதியவுடன் அது வாக்குறுதி ஆகிவிடுகிறது. சிகாகோ கொடியில் நான்கு சிவப்பு நட்சத்திரங்கள் இருக்கின்றன. 1917இல் கொடி பிறந்தபோது இரண்டுதான். 1871இன் பெருந்தீக்கு ஒன்று, 1893இன் உலகக் கண்காட்சிக்கு ஒன்று. 1933இலும் 1939இலும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். ஐந்தாவது வேண்டும் என்று பல முறை கேட்டிருக்கிறார்கள். நகரங்கள் எப்போதும் தங்கள் பெருமைக்கும் தங்கள் மீட்சிக்கும்தான் நட்சத்திரம் கேட்கின்றன. தாங்கள் செய்த தவறுக்கு யாரும் கேட்பதில்லை.

துறைமுகம்:
எழுநிலா, நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. இதே கேள்வி எனக்கும் பல ஆண்டுகள் இருந்தது. பிறகு ஒன்று நடந்தது.

2025 ஏப்ரல் 24 அன்று மேயர் ஃபெம்கே ஹால்செமா, போர்க்காலத்தில் யூதர்களைத் துன்புறுத்தியதில் நகர நிர்வாகத்துக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டார். இடம் ஹாலந்து நாடக அரங்கு. நாடு கடத்துவதற்கு முன்பு யூதர்களை அடைத்து வைத்திருந்த கட்டடம் அது. அந்த உரையில் அவர் நகரின் மூன்று சொற்களையும் எடுத்தார். வேண்டிய நேரத்தில் நகர நிர்வாகம் வீரத்தோடு இருக்கவில்லை, உறுதியோடு இருக்கவில்லை, இரக்கத்தோடும் இருக்கவில்லை என்றார்.

கேடயத்தில் எழுதியிருக்கும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொன்றையும் மறுத்தார். அந்தச் சொற்கள் அங்கே எழுதப்படாமல் இருந்திருந்தால், அந்தக் குற்றச்சாட்டை இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்க முடியுமா என்று நினைத்துப் பாருங்கள். 1947இல் அவை பதக்கமாகத்தான் கொடுக்கப்பட்டன. இப்போது நகரம் தன்னை நிறுத்துப் பார்க்கும் தராசுக்கல்லாக மாறியிருக்கின்றன. நாடாவை அழித்துவிடலாம் என்று ஒரு காலத்தில் நானும் நினைத்ததுண்டு. இப்போது அது அங்கேயே இருக்கட்டும் என்கிறேன்.

எழுநிலா:
மன்னிப்புக் கேட்டது தெரியும். அந்த மூன்று சொற்களையும் வைத்துச் சொன்னார் என்பது தெரியாது. அது எனக்குப் பெரிய செய்தி. பட்டம் என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் அழித்துவிட வேண்டும் என்று இனிமேல் கேட்கமாட்டேன்.

பழைய முத்திரை:
மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு சொல். துறைமுகம் "இரக்கம்" என்று எழுதினார். பார்ம்ஹார்டிக் என்ற சொல்லின் பின்பாதி இதயம் என்ற டச்சுச் சொல். நெஞ்சு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் கருணை, இரக்கம், அருள் என்று பல சொற்கள் இருக்கின்றன. உறவானவர்மேல் காட்டுவதை அன்பு என்றும், உறவு இல்லாத உயிர்மேலும் சுரப்பதை அருள் என்றும் பிரித்துச் சொல்வது நம் மரபு. ட்ராம் பணிமனையில் நின்றவர்கள் காட்டியது அருள்தான். ஆனால் அந்தச் சொல் இன்று கோயில் வாசத்தோடு வருகிறது. நான் "நெஞ்சில் ஈரம்" என்பேன். இதயமும் உள்ளே இருக்கிறது, நீரும் இருக்கிறது.

துறைமுகம்:
நெஞ்சில் ஈரம். இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. பதினோரு ஆண்டுகளாக அந்தச் சொல்லைப் பார்க்கிறேன், தமிழில் ஒரு முறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

மழைக்குருவி:
எல்லோருக்கும் நன்றி. கட்டுரையின் முதல் வரியை அடித்துவிட்டேன். படகு வழிகாட்டி சொன்ன கதையை விடவில்லை. அது மக்கள் சொல்லும் விளக்கம் என்று குறிப்பிட்டு மூன்றாம் பத்திக்குக் கொண்டுபோய்விட்டேன். பெர்சைன் குடும்பத்தையும் பக்கத்து ஊர்களின் சிலுவைகளையும் அதற்கு அடுத்து வைத்திருக்கிறேன்.

நான் எடுத்த படங்களை நேற்றிரவு மீண்டும் பார்த்தேன். ஒரு பாலத்தின் நடுவில் இருக்கும் முழுச் சின்னம் ஒரு படத்தில் தெளிவாக விழுந்திருக்கிறது. சிங்கங்கள் இருக்கின்றன, மகுடம் இருக்கிறது. கீழே நாடா இல்லை. அந்தச் சொற்களைக் கொடுப்பதற்கு முன்பே செதுக்கிய கல்லாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கட்டுரைக்கு அந்தப் படத்தைத்தான் வைக்கப்போகிறேன். துறைமுகம், அடுத்த பிப்ரவரி 25 அன்று அந்தச் சிலை அருகே நாடா இருக்கும் சின்னம் ஏதாவது கண்ணில் பட்டால், எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

துறைமுகம்:
அனுப்புகிறேன். பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டாம், இந்த வார இறுதியிலேயே போகிறேன்.